லைனிங்காரி சொன்ன பக்கம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இது பொறாமைக் கதை. எனக்குப் பொறாமையே வந்ததில்லை என்கிறவர்கள் எழுந்து போகலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

கோட்டு தைக்கிற கடை ஒன்று. அங்கே பெண்களுக்கு அவரவர் வேலைதான் பெயர். துணி வெட்டுகிறவள் கத்திரி. பட்டன் ஓட்டைக்கு நூல் சுற்றுகிறவள் காஜா. கோட்டுக்கு உள்ளே வழவழத் துணி வைத்துத் தைக்கிறவள் லைனிங். இஸ்திரி மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். அவளுக்கு இன்னும் பெயர் ஒட்டவில்லை, புதுசு என்றே கூப்பிட்டார்கள்.

கத்திரியும் லைனிங்கும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே டப்பாவில் சாப்பாடு, ஒரே குடையில் நடை. கத்திரி பழைய கார் ஒன்று வாங்கினபோது, முன் சீட்டு லைனிங்குக்கு என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கண்ணாடி லேசில் இறங்காது. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே பிடியைச் சுற்ற வேண்டும். அந்த வித்தை அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் கடையில் கரண்ட் போய்விட்டது. இனி நாளைக்குத்தான் வரும் என்று முதலாளி எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வாசல் படியில் நின்று கத்திரி கார்ச் சாவியை விரலில் சுழற்றினாள்.

“கடலுக்குப் போலாமா?”

“இப்பவா? இந்த நூலும் பிசிறுமாவா?” என்றாள் காஜா.

“கடல் என்ன உன்னைப் பொண்ணு பாக்கவா வருது? ஏறுடி.”

லைனிங்குக்கு மனசு துள்ளியது. ஜன்னல்களைச் சாத்தி, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஓட்டமாக இறங்கி வந்தாள். முன் சீட்டில் புதுசு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வரும்க்கா. பரவால்லயா?”

“அதுக்கென்னம்மா, உக்காரு.”

வாய் அப்படிச் சொன்னது. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

கார் கிளம்பியது. பின் சீட்டில் இருந்து பார்த்தால் எல்லாம் கண்ணில் படும் போலிருக்கிறது. லைனிங் தன் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்த சீட்டைப் புதுசு முன்னால் இழுத்துக்கொண்டது பட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வழி சொன்னது பட்டது. “உள்ளங்கையை வச்சு அழுத்து. ம், இப்பச் சுத்து,” என்று கத்திரி கண்ணாடி வித்தையைச் சொல்லிக்கொடுத்தபோது, லைனிங் முன்னால் போகிற லாரியின் நம்பரைப் பாடம் பண்ணுகிறவள் மாதிரி உற்றுப் பார்த்தாள்.

காஜா பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே காதோரம் சொன்னாள். “ஏதோ கருகுற வாடை வருதுல்ல? இன்ஜின்ல இல்ல, எனக்குப் பக்கத்துலதான்.”

“வாயை மூடிட்டுத் தின்னு.”

“வாயை மூடிட்டு எப்படித் திங்கிறது?”

முன்னால் புதுசு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். “கத்திரியக்கா, நேத்து என்ன ஆச்சு தெரியுமா? லைனிங்கக்கா கோட்டோட இடது கைக்கு இஸ்திரி போடுன்னாங்க. போட்டுக் கொடுத்தா, இது இல்லடின்னு வலது கையைக் காட்டுறாங்க.”

கத்திரியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் லைனிங்குக்கு ஊசியாக இறங்கியது.

தப்பு அவள்மேல் இல்லை, கண்ணுகளா. ஒரு கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள், இடது கை வலது பக்கம் போய்விடும். வாழ்நாளெல்லாம் உள்பக்கத்தையே பார்த்துத் தைத்தவள் வாய்க்கு இடமும் வலமும் மாறிப் பழகிவிட்டது. ஆனால் அப்படி மாறிப்போனது அவளுக்கே தெரியாது. புதுசுக்குத்தான் காது சரியில்லை என்று நினைத்திருந்தாள். இப்போது முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

மேடு ஏறி இறங்கியதும் போனில் சிக்னல் போயிற்று. கொஞ்ச தூரத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. பலகை ஒன்றும் இல்லை.

“லைனிங், நாம முன்னாடி வந்தோமே. எந்தப் பக்கம்டி?” என்று கேட்டாள் கத்திரி.

லைனிங்குக்கு வழி நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் இந்தச் சின்னப் பெண் முன்னால் மறுபடி சிரிப்பாகிவிடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டாள். ஊசி பிடிக்கிற கை எது? வலது. கடல் அந்தக் கைப் பக்கம். தீர யோசித்து, திருத்தமாகச் சொன்னாள்.

“வலது.”

கத்திரி கொஞ்சமும் தயங்காமல் இடது பக்கம் திருப்பினாள்.

லைனிங் உள்ளுக்குள் குமைந்தாள். கேட்டாள், சொன்னேன், அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லையே. முன் சீட்டு போனதும் என் சொல்லுக்கும் மதிப்பு போயிற்றா? போகட்டும். எங்கே வேண்டுமானாலும் போகட்டும். உதட்டை இறுக்கிக்கொண்டாள், டபுள் தையல் போட்ட மாதிரி.

போனார்கள், போனார்கள். தார் ரோடு மண் ரோடானது. மண் ரோடு கல் குவாரியின் இரும்புக் கேட்டில் முட்டி நின்றது. கேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

“கடல் ரொம்பச் சுருங்கிப் போச்சே,” என்றாள் காஜா.

கத்திரி இறங்கி, பின் கதவைத் திறந்தாள். “ஏன்டி, தெரியலன்னா தெரியலன்னு சொல்லக் கூடாதா?”

“நான் வலதுன்னுதான் சொன்னேன். நீ இடது பக்கம் வந்த.”

“நீ வலதுன்னு சொன்னதாலதான்டி இடது பக்கம் வந்தேன்.”

லைனிங் முழித்தாள்.

“இந்தக் கார் வாங்கினதுல இருந்து நீ என்னைக்காவது சரியாச் சொல்லியிருக்கியா? நீ இடதுன்னா நான் வலது போவேன், வலதுன்னா இடது. இதுவரைக்கும் ஒரு இடத்துக்காவது தப்பாப் போய்ச் சேர்ந்திருக்கோமா?”

“அப்ப... நான் சொன்னதெல்லாம்...”

“எல்லாம் தலைகீழ்.”

“ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?”

“சொன்னா நீ யோசிப்ப. நீ யோசிச்சா இப்படித்தான் குவாரிக்கு வரணும். உன்னை யாரு இன்னைக்கு சரியாச் சொல்லச் சொன்னது?”

காஜா பிஸ்கட்டோடு சிரித்துப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. லைனிங்குக்கு அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது. இத்தனை காலம் தனக்கே தெரியாமல் ஒருத்தி தன் தப்பை மடித்துத் தைத்துக்கொண்டே வந்திருக்கிறாள், வெளியே ஒரு நூல்கூடத் தெரியாமல்.

“அக்கா, நீங்க முன்னாடி வாங்க,” என்றாள் புதுசு, குரல் இறங்கிப்போய்.

“வேணாம்மா. உனக்கு வாந்தி வரும், நீயே உக்காரு.” இந்தத் தடவை வயிறும் ஒத்துக்கொண்டது.

வந்த வழியே திரும்பினார்கள். சாலை பிரிகிற இடம் தெரிந்ததும் கத்திரி கேட்டாள். “இப்ப எந்தப் பக்கம்? யோசிக்காம சொல்லணும்.”

“வலது,” என்றாள் லைனிங், பட்டென்று.

கத்திரி இடது பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் காற்றில் உப்பு வாடை வந்தது.

புதுசு ஒருமுறை கத்திரியைப் பார்த்தாள், ஒருமுறை பின்னால் திரும்பி லைனிங்கைப் பார்த்தாள். பிறகு, “நான் வழி சொன்னா மட்டும் சொன்னபடியே போறீங்களேக்கா,” என்றாள் கத்திரியிடம்.

அது என்ன குரல் என்று காஜாவுக்குத் தெரிந்தது. லைனிங்குக்கு அதைவிட நன்றாகத் தெரிந்தது. அந்தக் குரலில்தான் அவள் மத்தியானத்திலிருந்து தனக்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தாள்.

பாவமாக இருந்தது. அதோடு, சொன்னால் என்ன கண்ணுகளா, கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து முன்னால் நீட்டினாள்.

“குடிம்மா. அந்தக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கு, கடல் காத்து வரட்டும். உள்ளங்கையை அவ்வளவு மேல வைக்காத. கீழ் மூலையில வை. கத்திரிக்கு அது சரியாச் சொல்லித்தரத் தெரியாது.”