ஒன்பதாம் வளைவில் காற்றில்லை

போடிமெட்டு மலைச்சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் காற்று கிடையாது. வளைவுக்குச் சற்று முன்னால் நின்றுவிடும், தாண்டினதும் திரும்ப வரும். இடையில் தீக்குச்சி பற்றாது, எஞ்சின் அணைந்துபோகும், குரங்குகள் அந்தத் தடுப்புச் சுவரில் உட்காருவதில்லை. இறங்கும் வண்டிகள் தாமாக உருண்டு வந்துவிடும். ஏறும் வண்டிகளை ஆட்கள் இறங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறார்கள். மூச்சை அடக்கவும் என்று மஞ்சள் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். பெயின்ட் மங்கும்போது மாற்றி எழுதுகிறார்கள்.

முன்பு அங்கேயும் காற்று இருந்தது. அமுதவள்ளி தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்வந்த வருசம் அது. செடியடியில் குத்தவைத்துக் காய்ச்சரத்தைப் பிடித்திருந்தபோது வலி கண்டது. இன்னும் உச்சிப்பொழுது ஆகவில்லை. ஜீப்பு அங்கேதான் நின்றது. ஆனால் தோட்டத்து ஜீப்பு லோடு சேராமல் மலை இறங்கினது கிடையாது. ஓட்டுகிற மலைச்சாமி கெட்டவன் இல்லை. “தலைப்பிள்ளை வெரசா வராது ஆத்தா. காய் எடை போட்டு முடியட்டும், எல்லாருமாப் போயிரலாம்” என்றான். யாரும் மறுக்கவில்லை. அமுதவள்ளியும் மறுக்கவில்லை, மற்றவர்களுக்காகக் காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான். சாயங்காலம் பெண்கள் எல்லோரும் ஏறி நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒன்பதாவது வளைவில் பிள்ளை வந்துவிட்டது.

ஐந்து பெற்ற ஒச்சம்மாள் மடியில் ஏந்தினாள். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, பிள்ளை கருநீலமாக இருந்தது, அழவில்லை. கொடியை எடுத்துவிட்டு உள்ளங்காலில் சுண்டினாள். அவர்கள் வழக்கப்படி ஏலக்காயை மென்று உச்சந்தலையில் ஊதினாள். மலைச்சாமி கீழே இறங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைத்தான். பாதி பீடியில் நெருப்பு அணைந்தது. மறுபடி கிழித்த குச்சிகள் ஒன்றும் பற்றவில்லை. பெண்களுக்கு நெஞ்சை அடைத்தது. எஞ்சினும் கிளம்பவில்லை. அவன் பிரேக்கை விட்டான், வண்டி உருண்டு வளைவைத் தாண்டினது. தாண்டினதும் பிள்ளை பூனைக்குட்டி மாதிரி அழுதது.

“வளைவு திரும்பட்டும்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கான்டி அப்பு, ஆளைப் பாரு” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அமுதவள்ளியும் சிரித்தாள்.

தேனியில் பார்த்த டாக்டர், பிறக்கிற நேரத்தில் மூளைக்குக் காற்று போகவில்லை, கெட்டது கெட்டதுதான், கை கால் பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் தேறலாம் என்றார். வாயில் ஊதினீர்களா என்று கேட்டார். கூடப் போயிருந்த ஒச்சம்மாள், “உச்சியிலதான் ஊதுவோம் சார்” என்றாள். அவர் திட்டவில்லை. அதற்குப் பிறகு ஒச்சம்மாள் ஏலக்காய் வாயில் போட்டதில்லை.

பிரபு என்று பேர் வைத்தார்கள். கழுத்து நிற்கவில்லை. வலிப்பு வந்தால் உடம்பு விறைத்துக்கொள்ளும். கண் எப்போதும் கூரையில் இருக்கும். எதிரே முகத்தைக் கொண்டுபோனால் கண் நழுவி வேறு பக்கம் போகும். அப்பன் முத்துக்கண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் தீபாவளிக்குத் தீபாவளி வந்தான், பிறகு வரவில்லை. அமுதவள்ளி, பிள்ளை நடக்க வேண்டும் பேச வேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள். தன் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை.

காற்று போன இடத்தில் காற்றைப் போட்டால் சரியாகும் என்று அவளுக்குப் பட்டது. மெட்டில் காற்று வீசுகிற இடத்தில் பிளாஸ்டிக் பைகளில் பிடித்துக் கட்டி, இறங்கும்போது வளைவில் அவிழ்த்துவிட்டாள். மற்ற பெண்களும் ஆளுக்கொரு பை கொண்டுவந்தார்கள். மலைச்சாமி லாரி டியூப்பில் அடித்துவந்தான். இப்படி இரண்டு மழைக்காலம் போனது. பிறகு மலையில் பிளாஸ்டிக் கூடாது என்று செக்போஸ்ட்டில் பிடித்தார்கள்.

“ஒண்ணுமில்லாத பைய எதுக்கும்மா கட்டி வச்சிருக்க?”

“காத்து சார்.”

“மலையில இல்லாத காத்தா? அவுத்து விட்டுட்டுப் போ.”

அவிழ்த்துவிட்டுப் போனார்கள். துணிப்பையில் காற்று நிற்காது.

ஒருநாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. கூடவே தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். ஒன்பதாவது வளைவில் எல்லோரும் தள்ள இறங்கினார்கள். பின்சீட்டில் சாத்தி வைத்திருந்த பிரபுவின் கையும் காலும் தளர்ந்தன. கழுத்து நின்றது. அவன் நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த இடத்தில் அவனுக்குக் காற்று வேண்டியிருக்கவில்லை. கூரையிலிருந்த கண் மெல்ல இறங்கி, பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்த தாயின் முகத்தில் நின்றது. வளைவு தாண்டினதும் மூச்சு வந்தது, கண் திரும்பக் கூரைக்குப் போய்விட்டது.

அன்றையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளையும் பிள்ளையையும் ஒச்சம்மாளையும் மலைச்சாமி மேலே கூட்டிப் போகிறான். மூன்று பேர்தான். லோடு சேரட்டும் என்று அவன் நிற்பதில்லை. பிரபுவைத் தடுப்புச் சுவரில் சாத்தி உட்காரவைப்பாள். வளைவுக்கு வெளியே வந்து மூச்சை இழுத்துப் பிடித்து, உள்ளே போய் எதிரில் உட்காருவாள். அவன் பார்ப்பான். நெஞ்சு முட்டும்போது வெளியே ஓடிவருவாள், மறுபடி போவாள். ஆரம்பத்தில் ஒரு ஜீப்பைத் தள்ளுகிற நேரம்தான் தாங்கினது. வாரநாளில் காய் எடுக்கும்போதும் மூச்சைப் பிடித்துப் பழகினாள்.

“போதும் ஆத்தா. நீ விழுந்தா உள்ள வந்து யாரு தூக்குறது, எனக்கு முட்டி வலி” என்பாள், காற்று முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒச்சம்மாள்.

பிரபு வளர்ந்து அவளால் தூக்க முடியாமல் ஆனபோது மலைச்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கிவைத்தான். அவள் உள்ளே போகும்போது அவன் வெளியே நின்று பீடி பற்றவைப்பான். முதலில் இரண்டு இழுப்புக்குள் அவள் வந்துவிடுவாள். வருசங்கள் போகப் போகக் கால் பீடி ஆனது. இப்போது பாதி பீடி வரைக்கும், அன்றைக்கு நெருப்பு அணைந்த அளவுக்கு, இருக்கிறாள். இடையில் ஏறுகிற வண்டி வந்தால், ஆட்கள் இறங்கி மூச்சைப் பிடித்துத் தாயையும் பிள்ளையையும் விட்டு ஒதுங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த இடத்தில் யாராலும் பேச முடியாது, அதனால் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

பாதி வந்ததும் மலைச்சாமி பீடியைக் கீழே போட்டு மிதிக்கிறான். அவள் வெளியே வந்து மூச்சு வாங்குகிறாள். அவன் அடுத்ததைப் பற்றவைக்கிறான்.