நூலை விழுங்கிய ஓக்

1985 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சச்சிதானந்தனின் கால்கள், ஓக் மரமும் அதன் சொந்தங்களான பீச்சும் செஸ்நட்டும் வேர்விட்ட மண்ணிலும், அந்த மரங்களின் பலகையிலும் மட்டுமே நகர்ந்தன. வேறெங்கு வைத்தாலும் வைத்த கால் வைத்தபடி நின்றது. பிழை அவனுடையதுதான். சுவிஸின் ஆராவ் நகரில் அப்போது கோயில் இல்லை. தஞ்சம் கேட்டுவிட்டுக் காத்திருந்தவன், காட்டோரத்து வெள்ளை ஓக்கின் அடியில் ஒரு கல்லைப் பிள்ளையாராக வைத்து, மரத்தில் மஞ்சள் நூல் கட்டி, “முடிவு வருமட்டும் உன்னை விட்டு அசையமாட்டன்” என்று நேர்ந்தான். ஊர் மரமென்றால் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்திருக்கும். இது சுவிஸ் மரம், சொன்னதைச் சொன்னபடியே பதிந்துகொண்டது.

அவன் தங்கியிருந்த காட்டோர அகதி முகாமின் தரை பீச் பலகை. அவன் பாத்திரம் கழுவிய உணவகம் காட்டுக்குள்ளேயே இருந்தது, அதன் தரை ஓக். ஆகவே வேலைக்குக் குறைவில்லை. கடைத்தெரு, பஸ், ரயில் மட்டும் இல்லை. இரண்டரை வருடம் அப்படியே போயிற்று. 1988 பங்குனியில் தஞ்சம் கிடைத்த கடிதம் வந்தது. ஓடிப்போய் அதை மரத்துக்கு உரக்க வாசித்துக் காட்டி, நூலை அவிழ்க்கப் பார்த்தால் நூலைக் காணவில்லை. பட்டை அதன்மேல் மூடி வளர்ந்திருந்தது. நூலை அவிழ்க்காமல் நேர்த்தி தீராது. மரத்துக்கு இருநூறு வயது, கத்தி வைக்க அனுமதியில்லை என்றார் வனக்காவலர். அன்றைக்குத்தான் அவன் வாய்விட்டு அழுதான்.

ஐப்பசியில் மனைவி சந்திரமதி வந்திறங்கினாள். நான்கு வருடம் காணாதவளை ரயில் நிலையத்தில் தனியே நிற்கவிட அவனுக்கு மனம் வரவில்லை. உணவகச் சமையலறையின் பீச் வெட்டுப்பலகை இரண்டைக் கால்களில் கயிற்றால் கட்டிக்கொண்டு, டக்டக்கென்று மூன்று கிலோமீட்டர் நடந்தான். தெருவில் போனவர்கள் மரியாதையாகப் பாராததுபோல் போனார்கள். பொலிஸ்காரர் ஒருவர் மறித்து அனுமதி அட்டையைப் பார்த்தார். அது சரியாக இருந்ததால் விட்டுவிட்டார்.

“என்னப்பா இது, காலில?” என்றாள் சந்திரமதி.

“மரம் விடேல்லை.”

“எந்த மரம்? வாங்கோ, நான் கேக்கிறன்.”

பயணப்பெட்டியோடு நேரே காட்டுக்கு வந்தாள். பட்டையைத் தடவிப் பார்த்தாள். நல்லூர்க் கோயிலில் கட்டிவந்த நூலைக் கையிலிருந்து அவிழ்த்து மரத்தில் கட்டினாள். அவன் தடுப்பதற்குள், “இவரை விடுமட்டும் நானும் அசையமாட்டன்” என்று சொல்லியும்விட்டாள்.

திங்கட்கிழமை அவளும் அதே சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி இன்னும் இரண்டு பீச் பலகையை எடுத்துக் கொடுத்துவிட்டு, மரக்கறி வெட்டப் பிளாஸ்டிக் பலகை வாங்கிவந்தார்.