மூன்று விரிப்புகள்

தங்கைக்குக் குழந்தை பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மூன்றாவது விரிப்பையும் மாற்றியாகிவிட்டது. அவள் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

"வலி எவ்வளவு? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லும்மா," என்றாள் நர்ஸ்.

"ரெண்டு," என்றாள் தங்கை.

எங்கள் தெரு ஆட்கள் எல்லாரும் இரண்டுதான் சொல்வோம். கூடச் சொன்னால், "இவங்களே இப்படித்தான், சும்மா கத்துவாங்க" என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே வளர்ந்தோம்.

"சிஸ்டர், ரத்தம் நிக்கவே இல்ல."

"பிரசவம்னா போகத்தான் செய்யும். உங்க ஆளுங்களுக்கு எல்லாமே பெருசு. நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க." அட்டையில் 'இயல்பு' என்று எழுதிவிட்டு நகர்ந்தாள்.

என் வேலை இதே ஆஸ்பத்திரியின் சலவை அறையில். நான்கு வருடங்களுக்கு முன், அண்ணி இங்கே பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த அன்று, இந்த வார்டிலிருந்து ஒரு மூட்டை வந்தது. தூக்கியதும் தோள் இறங்கியது. "என்ன, கல்லைக் கட்டி அனுப்பியிருக்காங்களா?" என்று சிரித்துக்கொண்டே மெஷினில் போட்டேன். அது அண்ணியின் கட்டில் துணி. சாயங்காலம் அவள் இல்லை. அவள் அட்டையிலும் 'இயல்பு'தான்.

மூன்று விரிப்புகளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

"அக்கா, வரிசையில வாங்க. உங்களுக்கு மட்டும் தனி ராஜபாட்டையா?" என்றான் மெஷின் ஓட்டுபவன். அவனை நாங்கள் நுரை என்போம்.

"தள்ளு நுரை. என் தங்கச்சியோடது."

அவன் சிரிப்பு நின்றது. தராசிலிருந்த மூட்டையை அவனே இழுத்துக் கீழே தள்ளினான். காய்ந்த விரிப்பு ஒன்று அறுநூறு கிராம். பன்னிரண்டு வருடமாக மடிக்கிறேன், எனக்குத் தெரியாதா? மூன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு. தராசு மூவாயிரத்து நானூறு காட்டியது.

"அக்கா..." என்றான் நுரை.

"அப்படியே இருக்கட்டும். எடுக்காத."

எடைச் சீட்டைக் கிழித்துக்கொண்டு மேலே ஓடினேன். தங்கையின் கண் செருகியிருந்தது. சீட்டை நர்ஸின் அட்டைமேல் வைத்தேன்.

"காஞ்ச துணியைக் கழிச்சா ஆயிரத்து அறுநூறு. அவ்வளவும் என் தங்கச்சி ரத்தம். இதையும் இயல்புன்னு எழுதிடுங்க சிஸ்டர், எழுதுங்க!"

அவள் சீட்டைப் பார்த்தாள். போர்வையை விலக்கினாள். நான்காவது விரிப்பும் நனைந்திருந்தது. அடுத்த நொடி சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

டாக்டர்கள் ஓடி வந்தார்கள். கட்டில் உருண்டது. ஆபரேஷன் அறைக் கதவு என் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

அங்கே நிற்க முடியவில்லை. கீழே வந்தேன். தராசில் விரிப்புகள் அப்படியே கிடந்தன.

"போட்டுடவாக்கா? காஞ்சா கறை போகாது."

"இரு."

இரண்டு மணி நேரம் போனது. பிறகு சலவை அறை போன் அடித்தது. நர்ஸ்தான். குரல் இறங்கியிருந்தது.

"உங்க தங்கச்சி கண்ணு முழிச்சிட்டாங்க. வலி எவ்வளவுன்னு கேட்டேன். ஒன்பதுன்னாங்க."

"சத்தமா சொன்னாளா?"

"வார்டுக்கே கேட்டுச்சு."

போனை வைத்தேன். தராசிலிருந்த விரிப்புகளை அள்ளி அவனிடம் நீட்டினேன்.

"நுரை, போடு," என்றேன்.