சத்தமில்லாத வேலை

"மூஞ்சி மூடியக் கொஞ்சம் எறக்கிட்டுச் சொல்லுங்க சிஸ்டர்" என்று கோட்டைச்சாமி கேட்டபோது நர்ஸ் பெர்சிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தைக் காட்டச் சொல்லும் ஆண்களை அவள் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறாள். அவர்களுக்கு என்ன பதில் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் இது தீக்காய வார்டு. எதிரே நிற்பவரோ ஐம்பதைத் தொட்ட மனிதர். ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை அங்கி முழங்காலோடு நின்றுவிட, துணித்தொப்பி இரண்டு காதையும் மூடியிருக்க, அவள் வாய் இருக்க வேண்டிய இடத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது கேக்காதா அண்ணாச்சி?"

அந்தக் கேள்வியும் முகமூடிக்குள்ளேயே முடிந்துபோயிற்று.

காதுக்கு அருகில் வந்து கத்தினால் கேட்கும். மெல்லப் பேசினால் உதட்டைப் பார்க்க வேண்டும். ஆமத்தூர்ப் பக்கத்து மில்லில் ஏர்ஜெட் தறி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அந்தத் தறிகள் வந்து இறங்கிய நாளில் முதலாளி பிரபாகரன் பட்டு வேட்டியில் மேடையேறி, "இனி நம் மில்லில் நூலை இழுத்துக்கொண்டு நாடாக்கட்டை ஓடாது, காற்றே நெய்யும்" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. காற்று நெய்யும்போது என்ன சத்தம் போடும் என்பதை அவர் சொல்லவில்லை. குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? காதில் வைக்கும் அடைப்பான்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டி இருந்தன. ஆர்டர் கொடுக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் திறப்பார்கள்.

தறியின் ஒரு பக்கம் குழல் ஒன்று, குறுக்கே ஓட வேண்டிய ஊடை நூலைக் காற்றோடு துப்பும். வழி நெடுக உள்ள சின்னக் குழல்கள் அதை ஊதி ஊதி மறுகரைக்குத் தள்ளும். அங்கே ஒரு மின்கண் காத்திருக்கும். நூல் வந்து சேரவில்லை என்றால் தறி தானாக நின்று சிவப்பு விளக்கைப் போடும். விளக்கு எரிந்த தறிக்கு ஓடுவதுதான் கோட்டைச்சாமியின் வேலை. பாதியில் செத்த ஊடையை உருவி எறிவார். சட்டைப்பையில் எப்போதும் செருகியிருக்கும் துண்டு நூலைக் குழல் வாயருகே பிடிப்பார். நூல் விறைத்து நின்றால் காற்று சரி. துவண்டு நடுங்கினால் குழலில் அடைப்பு. பிறகு புது முனையைக் காட்ட, குழல் அதை வாங்கிக்கொள்ளும்.

வள்ளித்தாயை அவர் கண்டதும் அந்தத் தறி ஷெட்டில்தான். தறிகளுக்கு நூல் கூம்புகளை மாட்டிக்கொண்டு மறுகோடியில் நின்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து உதட்டாலேயே, "ஏ சோத்து மூட்டை, மூணாந்தறி நிக்குது பாரு" என்று வைவாள். கல்யாணத்துக்குப் பிறகு மரியாதை கூடி, "மூணாந்தறி நிக்குது பாருங்க சோத்து மூட்டை" என்றானது. அவர்கள் சண்டையும் சமாதானமும் தறிகளுக்கு மேலாகத்தான் நடந்தன. யாருக்கும் கேட்காது, எல்லோருக்கும் தெரியும்.

ஒருமுறை முதலாளி காது பரிசோதனை முகாம் வைத்தார். வாசலில் பேனர், பேனரில் அவர் படம், பக்கத்தில் அதைவிடச் சின்னதாக ஒரு காது. எங்கிருந்தோ வந்த இளம் டாக்டர் எதிரே உட்கார்ந்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். கோட்டைச்சாமி டாக்டரின் கட்டைவிரலைப் பார்த்தார். விரல் பொத்தானை அமுக்கியபோதெல்லாம் கையைத் தூக்கினார். எல்லோரும் அப்படியே தூக்கினார்கள். ஒருவருக்கும் பழுதில்லை என்று சான்றிதழ் எழுதப்பட்டு, சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் ஏறியது.

"ஏலே செவிட்டுப் பயகளா, அம்புட்டுப் பேரும் பாஸ்லே!" என்றான் பக்கத்துத் தறி முனியராஜ். அவன் உதட்டைப் பார்த்து ஷெட்டே சிரித்தது.

வள்ளித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அன்று வீட்டில் சோறு அடிப்பிடித்துக் கருகியிருந்தது. "குக்கர் விசில் கேக்கலீங்க" என்றாள்.

கோட்டைச்சாமி வாழ்க்கையில் தானாக எடுத்த முடிவுகள் குறைவு. அவற்றில் இது ஒன்று. "ஒனக்காவது காது மிஞ்சட்டும். நீ மில்லுக்கு வர வேணாம்."

"வேற எங்கன போக? பட்டாசு போடுற பயராபீஸுக்கா?"

"மருந்துப் பக்கம் போகாத. சரம் பின்னுற வேலை இருக்குல்ல? மர நெழலு. சத்தமே இருக்காது."

அவர் சொன்னது பொய்யில்லை. நாடு முழுக்கத் தீபாவளிக்கு அதிரப்போகும் சத்தத்தை, ஒரு தகரம் கீழே விழுந்தாலும் ஃபோர்மேன் வைகிற அமைதியில்தான் தயாரிக்கிறார்கள். தாயில்பட்டிப் பக்கம் போகும் கம்பெனி வேனில் அவள் ஏறினாள். முதல் வாரமே வந்து சொன்னாள்: "அங்கன காக்கா கத்துறதுகூடக் கேக்குதுங்க." அந்தக் காக்காயைக் கோட்டைச்சாமி டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்ப் பெருமையடித்தார்.

சீசன் உச்சத்தில், பக்கத்து மருந்து அறையில் பற்றிய தீ அவள் உட்கார்ந்திருந்த மர நிழலுக்கும் வந்தது. மில்லில் எந்தத் தறியும் நிற்கவில்லை. எந்த விளக்கும் எரியவில்லை. ஷெட்டின் மறுகோடியில், அவள் நின்ற அதே இடத்தில், முனியராஜ் வந்து நின்று வாயசைத்தான். வேறு ஏதாவது சொல்கிறானோ என்று நினைத்துக்கொள்ளக்கூட வழியில்லை. அத்தனை தெளிவாகச் சொன்னான்.

இப்போது கட்டிலில் தலையிலிருந்து தாடை வரை வெள்ளைத் துணி. கைகள் இரண்டும் பொதிகளாகக் கிடந்தன. சைகைக்கு ஒரு விரல் இல்லை. வாய்க்கு மேலும் ஒற்றை மடிப்பாக வலைத்துணி. காலையில் பெரிய டாக்டர் அவர் காதருகே குனிந்து, ஒரு நல்ல சேதிபோலக் கத்திவிட்டுப் போனார்: "அவங்க காதுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க பேசுங்க. அவங்களுக்கு நல்லாக் கேக்கும்."

பேசினார். "ஏ வள்ளி... நாந்தான் ஒன்ன..." வலைத்துணி அசைந்தது. அவள் பேசத் தொடங்கினாள். துணி உள்ளே போயிற்று, வெளியே வந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. அவர் தொப்பியைத் தூக்கிவிட்டுக் காதை அருகே கொண்டுபோனார். காதுக்குள் வழக்கமான இரைச்சல்தான் இருந்தது. அவரோடு வீட்டுக்கும் கோயிலுக்கும் வந்து பழகிய தறி இங்கேயும் வந்திருந்தது. அந்தப் பக்கம் நின்ற பெர்சிஸ் குனிந்து கேட்டாள். வள்ளித்தாய் நெடுநேரம் பேசினாள்.

முடிந்ததும் பெர்சிஸ் நிமிர்ந்தாள். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு முகமூடியைத் தாடைக்கு இறக்கினாள். சின்னப் பெண். மேலுதட்டில் வேர்த்திருந்தது.

"சாப்பிட்டீகளானு கேக்காங்க."

கோட்டைச்சாமி அவள் உதட்டையே பார்த்தார்.

"இம்புட்டு நேரம் பேசுனாளே தாயி."

"அதைத்தான் கேட்டாங்க அண்ணாச்சி."

"நாந்தான அவளை அங்கன அனுப்புனேன். அதப் பத்தி ஏதும்..."

பெர்சிஸின் கீழுதடு ஒருமுறை துடித்தது. அதில் சொல் எதுவும் இல்லை. சட்டென்று முகமூடியை ஏற்றிக்கொண்டாள். பிறகு கண்கள் மட்டும் இருந்தன. கண்களைப் படிக்க அந்த ஷெட்டில் யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை.

"சாப்பிட்டேன் வள்ளி" என்றார் கோட்டைச்சாமி. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்தான்.

வலைத்துணி மறுபடி அசைந்தது. பெர்சிஸ் சொட்டு மருந்துக் குழாயைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். அவர் அங்கிக்குள் கைவிட்டுச் சட்டைப்பையிலிருந்து துண்டு நூலை எடுத்தார். இரண்டு விரலில் பிடித்து, துணியைத் தொடாமல், வள்ளித்தாயின் வாய்க்கு நேரே நீட்டினார். நூல் முனை அசைந்தது. துவண்டது. ஓர் இழுப்பில் உள்ளே வளைந்து, மெல்ல வெளியே வந்தது. அது பேச்சா மூச்சா என்று தெரியவில்லை. நூலும் நடுங்கியது, பிடித்த கையும் நடுங்கியது. கோட்டைச்சாமி இன்னொரு கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நூலின் முனையை விட்டுக் கண்ணை எடுக்காமல் குனிந்து நின்றார்.