பதினெட்டாயிரத்து ஐநூறுக்கு வந்த அண்ணன்

ராஜபாளையத்தில் நைட்டி தைக்கும் மாரீஸ்வரிக்கு, அவளுடைய முப்பத்திரண்டாவது வயதில், சென்ற ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒரு அண்ணன் பிறந்தான். பிறக்கும்போதே அவனுக்கு வயது முப்பத்தாறு. மீசை இருந்தது, தவணை முடியாத பைக் இருந்தது, தான் பிறந்த விவரம் மட்டும் அவனுக்கே நாலைந்து நாள் தெரியாது. இந்தச் சங்கதியைத் தெருவில் நாலு விதமாகச் சொல்வார்கள் என்றாலும் நேரத்தில் யாருக்கும் தகராறு இல்லை. அது மாரீஸ்வரியின் போனில் பதிவாகியிருக்கிறது.

காரணம் ஒரு தையல் மெஷின். மிதிக்கிற மெஷினில் நாளைக்குப் பன்னிரண்டு நைட்டிதான் ஓடும், மோட்டார் மெஷின் என்றால் முப்பது. இரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு அவள் போனில் தேடியபோது 'கோவை மெஷின் உலகம்' என்று ஒரு கடை கண்ணில் பட்டது. போனில் பணம் அனுப்புகிற ஆப்பில் வியாபாரம் என்று குறித்துப் போட்டால், சாமான் கைக்கு வந்து சரி என்று சொல்லும்வரை அந்த ஆப் கம்பெனி பணத்தைப் பிடித்து வைத்திருக்கும், வராவிட்டால் திருப்பித் தந்துவிடும். கடைக்காரனோ தேன் ஒழுகப் பேசினான். "அதுல கமிஷன் போவும் சிஸ்டர். என் நம்பருக்கு நேரா போட்டுருங்க, ஆயிரத்தைந்நூறு கொறச்சுத் தாரேன். யாருக்குன்னு கேக்கும், சொந்தம்னு அமுக்குங்க. என்ன சொந்தம்னு கேட்டா அண்ணன்." இதுவரை நாட்டில் எல்லாரும் செய்வதுதான். மாரீஸ்வரி அதற்கு மேலும் ஒரு படி போனாள். புது மெஷின் வாங்குகிற காரியம் ஆயிற்றே என்று போனுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அய்யனார் படத்துக்கு முன்னால் சார்த்தி, சூடம் கொளுத்தி, அதன் பிறகே 'அண்ணன்' என்பதை அமுக்கினாள். சாமிக்கு முன்னால் பொய் சொல்லக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். போனில் அமுக்குவதும் சொல்வதில் சேர்த்தி என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அய்யனார் வாசித்துவிட்டார்.

மெஷின் வரவில்லை. கடையும் மறைந்தது, நம்பரும் அணைந்தது. அழுதபடி பேங்குக்குப் போனவளிடம் அங்கிருந்த ராம்கி, வயசுக்கு மீறிய பொறுமையோடு எடுத்துச் சொன்னான். "யேவாரம்னு போட்டிருந்தா சண்ட போட்டு வாங்கித் தந்துருப்போம்க்கா. அண்ணனுக்குக் குடுத்தத நாங்க எப்படிக் கேக்க?" தனக்கு அண்ணனே கிடையாது, அப்பா இருளப்பசாமிக்குத் தான் ஒரே பிள்ளை என்று அவள் பிறந்த வீட்டு ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். அதில் அவள் பெயருக்கு மேலே, இருளப்பசாமி மகன் எட்வின் என்று அச்சாகியிருந்தது. மை கொஞ்சம் ஈரமாக இருந்ததைத் தவிர வேறு குறை இல்லை. ராம்கி ஆப் கம்பெனிக்கு ஒரு புகாரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்தான்.

தேன் ஒழுகப் பேசிய அந்தக் கடைக்காரன் எட்வினுக்குக் கோவையும் கிடையாது, உலகமும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தாயார் ஜெயபாயோடு குடியிருந்தான். மாரீஸ்வரி இங்கே அழும்போதெல்லாம் அங்கே டீக்கடையில் அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முதலில் தூசி என்றான், அடுத்து சர்க்கரை வியாதி என்றான். ஐந்தாம் நாள் சோறு போடும்போது ஜெயபாய், "ஏலே, இது யாரு மூக்குலே?" என்று கேட்டார். அன்று மாலை கிருஷ்ணன்கோவிலுக்குப் பஸ் ஏறியவன் ராஜபாளையத்தில் இறங்கினான். அவன் ஏறியது நேர் எதிர்த்திசையில் போகிற பஸ். கண்டக்டரும் மறுபேச்சின்றி ராஜபாளையத்துக்கே டிக்கெட் கிழித்திருக்கிறார்.

மில்லில் ஷிப்டு முடிந்து வந்த மாரீஸ்வரியின் புருஷன் வேல்பாண்டி விஷயம் தெரிந்து, வாசலில் வந்து நின்ற எட்வினை அடிக்கக் கை ஓங்கினான். அவன் முகத்தில் செத்துப்போன மாமனாரின் மூக்கைப் பார்த்ததும், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, "வாங்க மச்சான்" என்றான். மாரீஸ்வரி அப்படியெல்லாம் இளகவில்லை. பைக் தவணையில் பணம் கரைந்துவிட்டது என்று கேட்டதும் வாய்க்கு வந்தபடி ஏசினாள், ஏசிக்கொண்டே இலை போட்டாள், வீடு தேடி வந்த அண்ணனைப் பட்டினியாக அனுப்ப அவளுக்கு மனசில்லை. எட்வினும் சாப்பிட்டுவிட்டு, கழுவிய கையோடு தைத்த உருப்படிகளைக் கட்டுக் கட்ட உட்கார்ந்தான். அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் அவன் கால் அவனைக் கேட்காமல் வந்துவிடும்.

நைட்டி முதலாளி கட்டுக்கு நாலு உருப்படி குறைத்து எண்ணுவதை நாலு வருஷமாக யாரும் கண்டதில்லை. எட்வின் முதல் நாளே கண்டான், தொழில் தெரிந்தவன் அல்லவா. "அண்ணாச்சி, இந்த வெளாட்டு நமக்கும் தெரியும்" என்று அவன் சிரித்துக்கொண்டு சொன்னதில் கூலி நைட்டிக்கு மூன்று ரூபாய் ஏறியது. பொங்கலுக்கு ஜெயபாய் கரும்பும் பானையும் சீராக எடுத்து வந்து, "ஒரு பொட்டப்பிள்ள வேணும்னு அம்புட்டு ஜெபம் பண்ணேன், கர்த்தர் தாமதமா அனுப்பியிருக்காரு, அதுவும் அய்யனார் கையில" என்றார். மெஷின் மட்டும் வரவில்லை. மாரீஸ்வரி இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருந்தாள், ராத்திரியில் முழங்கால் குத்தியது, எட்வினைக் கண்டால் அந்த எரிச்சலும் கூடவே வந்தது.

மாசியில் அய்யனார் கோவிலில் மகள் சிவரஞ்சனிக்குக் காது குத்து. தாய்மாமன் இல்லை என்று மூன்று வருஷமாகத் தள்ளிப்போன காரியம். எட்வின் புது வேட்டியில் சம்மணமிட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தான், காது குத்த ஆசாரி எடுத்த ஊசியைக் கண்டு பிள்ளையைவிட அவன் அதிகம் நடுங்கினான். அந்த நேரத்தில் மாரீஸ்வரியின் போன் கூவியது. அவளுடைய புகாரை ஆப் கம்பெனி பரிசீலித்து முடித்திருந்தது. 'பணம் பெற்றவர் அண்ணன் அல்ல, வியாபாரி என்று மாற்ற விரும்புகிறீர்களா? ஆம் எனில் ரூ. 18,500 உடனே திருப்பி அளிக்கப்படும்.' அவள் நிமிர்ந்து பார்த்தபோது எட்வினின் மூக்கு நுனி லேசாக மங்க ஆரம்பித்திருந்தது. அவனுக்கும் புரிந்துவிட்டது.

"ஒன் பணம் தாயி. நீ ஆமான்னே போடு" என்றான் அவன், பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி.

மாரீஸ்வரிக்கு மோட்டார் மெஷின் கண் முன்னால் ஓடியது. ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது, அதை அவளே பின்னால் ஒப்புக்கொண்டாள். பிறகு 'இல்லை' என்பதை அமுக்கினாள்.

"பிள்ளையச் சரியாப் பிடிண்ணே, ஆசாரி காத்துக்கிட்டு இருக்காரு" என்றாள்.