நாகேந்திரத்தாரின் கல்வெட்டு

கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த மறுநாள், தமிழர் கடைகளைச் சோதிக்கிற பொலிஸ் ஜீப் கொட்டாஞ்சேனைச் சந்தில் நின்றது. பாலேஸ்வரி கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள்.

அவளுடையது கலியாணக் கார்ட்டில் உழைத்துப் புதுக்கவிதையில் தொலைக்கிற அச்சகம். மேசையில் அருந்ததியின் கவிதைகள், நூறு பிரதி, மடித்தபடி. உலகத்தில் வேறு பிரதி கிடையாது. சோதனைச் சாவடிக்குப் பயந்து, எழுதிய கொப்பியை எரித்துவிட்டுத்தான் அருந்ததி பிளேன் ஏறினாள். அச்சகத்திலோ ஈய எழுத்துப் பற்றாக்குறை. நாலு பக்கம் அடித்ததும் எழுத்தைப் பிரித்துவிட்டுத்தான் அடுத்த நாலு.

ஜீப்காரர்கள் முதலில் எதிர்க்கடைக்குள் நுழைந்தார்கள்.

"அக்கா, ஸ்டேப்ளரை எடுங்கோ!" என்றான் எழுத்துக் கோர்க்கும் கிளெமென்ற்.

நாகேந்திரத்தாரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டு அட்டைகள் பக்கத்தில் கிடந்தன. செத்தவரின் வரலாறும் தேவாரமும் போட்டு அந்தியேட்டி வீட்டில் கொடுக்கிற புத்தகம். உள்பக்கம் இன்னும் அச்சேறவில்லை. அட்டைக்குள் கவிதை போனது. இருவரும் மாறி மாறிக் குத்தினார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒன்றைத் தூக்கி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். "மேக்க மொகக்த?"

"மளகெதர பொத்தக், சேர்" என்றாள் பாலேஸ்வரி.

சாவு வீட்டுப் புத்தகம் என்றதும் மனுசன் திறக்காமலே வைத்துவிட்டார். ஆனால் இருவரையும் வாக்குமூலத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தால் மேசை வெறுமை!

"நாகேந்திரத்தார்ட மகன் வரதராசா வந்தார். மவுத்தூட்டு வேல சுணங்கப்படாதுன்னு நான்தான் தொறந்து குடுத்த" என்றார் அச்சகத் திறப்பை வைத்திருந்த தேத்தண்ணிக்கடை ஸாலிஹ்.

பாலேஸ்வரி த்ரீவீலரில் வெள்ளவத்தைக்குப் பறந்தாள். நாகேந்திரத்தாரின் மனுசி சரோஜினிதேவி கதவைத் திறந்தார். கையில் கல்வெட்டு.

"வாரும் பிள்ளை. இவர் எப்ப கவிதை எழுதினவர்?"

"மன்னியுங்கோ அம்மா. பொலிஸ் வந்து... எல்லாம் குடுத்தாச்சோ?"

"நேற்றே குடுத்தாச்சு. பயப்பிடாதையும். எங்கட ஆக்கள் கல்வெட்டை வாசிக்கவும் மாட்டினம், எறியவும் மாட்டினம்." கதிரையில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினார். "நான் வாசிச்சனான். கதவு தட்டினா கதிரை எழும்பி நிக்குதாம். என்ன விசர்க் கதை?"

பாலேஸ்வரி புத்தகத்துக்குக் கை நீட்டினாள்.

"ஆனா இவரும் அப்பிடித்தான் எழும்புவார். கடைசி மட்டும்." புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். "அவற்ற கல்வெட்டை ஒழுங்கா அடிச்சுத் தாரும். இதைத் தரமாட்டன்."

"புத்தகம் வேண்டாம் அம்மா. ஒரு பேனை தருவியளோ?"

பேனையோடு கொப்பியும் வந்தது.

"எழுதும்" என்றார் சரோஜினிதேவி. "நான் வாசிக்கிறன்."