நாக்குக்கு அடியில் பத்து நிமிஷம்

இடுப்பு வலி எனக்கு முன்னால் எழுந்துவிடும். நான் கண் திறப்பதற்குள் அது கால்வரை ஒரு நடை போய்வந்து என்னை உலுக்கும். பதினெட்டு வருஷமாக ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை சுமக்கிறவன் இடுப்பு வேறு எப்படி இருக்கும்?

அந்த வலிக்குத்தான் மாத்திரை போட ஆரம்பித்தேன். கிடங்குக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் டாக்டர் சீட்டெல்லாம் கேட்க மாட்டார்கள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. வலி போனது. கூடவே ஒரு சுகம் வந்தது; அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்று வருஷத்தில் நாளைக்கு இருபது மாத்திரை என்று ஆனது. இடுப்பு வலிக்குப் போட்ட காலம் போய், போடாவிட்டால் வருகிற வலிக்குப் போடுகிற காலம் வந்தது. அரை நாள் தவறினால் மூக்கு ஒழுகும், கொட்டாவி நிற்காது, கால் எலும்புக்குள் எறும்பு ஊரும்.

ஒருநாள் மூட்டையோடு பலகையில் ஏறும்போதே கண் சொக்கி விழுந்தேன். அடி படவில்லை. மேஸ்திரி கண்ணில் பட்டதுதான் அடி.

“ஒரு மாசம் தரேன். அதுக்குள்ள சரியாகிட்டு வா. இல்லன்னா உன் எடத்துல வேற ஆள் நிப்பான். மூட்டைய சுமக்கத்தான் கூலி குடுக்கறேன், உன்ன சுமக்க இல்ல” என்றார்.

எங்கள் கிடங்கில் இடம் போனால் போனதுதான். அங்கே எல்லாம் ஜோடிக் கணக்கு. ஒருவன் லாரிமேல் நின்று மூட்டையைச் சாய்த்து முதுகில் ஏற்றுவான், மற்றவன் சுமந்துபோய் அடுக்குவான், பாதி வண்டியில் ஆள் மாற்றிக்கொள்வார்கள். என் ஜோடியை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவோம். உயரமானவன், நடையும் அப்படித்தான். பக்கத்தில் நான் நின்றால் அவனுக்குத் துணையாகக் கட்டிவைத்த கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். ஜோடியில் ஒருவன் போய்விட்டால் மற்றவனுக்குப் புது ஆள் போட்டுவிடுவார்கள். போனவன் திரும்பி வந்தால் வெளியே மரத்தடியில் நின்று, யாருக்காவது காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

என் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். ஊர்த் துணியெல்லாம் அவள் கைக்கு வரும், துணியோடு சேதியும் வரும். சின்ன ஊர், விசாரிக்க ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. மாத்திரைப் பழக்கத்தை விட மூன்று வழி இருக்கிறது என்று வந்து சொன்னாள். ஊருக்கு வெளியே ஒரு விடுதி. ஆறு மாசம் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அங்கே இருந்து வந்த மெக்கானிக் ஒருவன் வீட்டுக்குப் போகும் முன்பே மருந்துக்கடைக்குப் போனான் என்பதும் அவள் கொண்டுவந்த சேதிதான். இரண்டாவது, எட்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் பெரிய ஆஸ்பத்திரி. மூன்றாவது, நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் ஒரு அறை. தினமும் காலை எட்டு மணிக்குப் போனால், அந்தத் தவிப்பை அடக்குகிற மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைப்பார்கள். காசு கிடையாது.

“மொதல்ல கிட்ட இருக்கறதுக்குப் போங்க. அது ஆகலன்னா பூட்டு போடற எடம். நானே கொண்டுபோய் விட்டுட்டு வருவேன். அழுவேன்னு நெனச்சுக்காதீங்க.”

அவள் அழ மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஆறு மாசம் பூட்டினால் கிடங்கில் என் இடம் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும்.

எட்டு மணி என்பதில்தான் சிக்கல். எங்களுக்கு முதல் லாரி வருவதும் எட்டு மணிக்கு. ஒட்டகத்திடம் சொன்னேன். அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, முதல் வண்டியைத் தான் ஒண்டியாக இறக்கிக்கொள்வதாகவும் மேஸ்திரியிடம் தானே பேசுவதாகவும் சொன்னான். ஒண்டியாக இறக்குவது என்றால் லாரிமேல் ஏறி நாலு மூட்டையை விளிம்புக்கு இழுத்து, கீழே குதித்து, முதுகைக் கொடுத்து ஒவ்வொன்றாக வாங்கி, அடுக்கிவிட்டு மறுபடி ஏற வேண்டும். நூறு மூட்டை. நான் ஒன்பதரைக்குப் போய்ச் சேரும்போது வண்டி காலியாகவும் அவன் சட்டை பிழிந்தால் சொட்டுகிற மாதிரியும் இருக்கும்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா நன்றாகத்தான் விளக்கினார். மாத்திரை கரையப் பத்து நிமிஷம் ஆகும், அதுவரை பேசக்கூடாது, எச்சிலைக்கூட விழுங்கக்கூடாது. கரைந்தபின் சிஸ்டர் வாயைத் திறக்கச்சொல்லிப் பார்ப்பார். எனக்கு எல்லாம் புரிந்தது.

ஆனால் மருந்து உடம்பில் பிடிக்கவில்லை. முதல் நாள் ராத்திரியே கால் உதைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் அளவைக் கூட்டினார்கள். ஐந்தாம் நாள் வியர்த்து வியர்த்துப் போர்வை நனைந்தது. சிஸ்டர் தினமும் வாயைப் பார்த்து, சுத்தமாகக் கரைந்துவிட்டது என்று தலையாட்டினார். ஏழாம் நாள் சாயங்காலம் மருந்துக்கடை வாசலில் நின்றுவிட்டேன். கடைக்காரன் கேட்காமலே அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். தொடாமல் திரும்பினேன் என்று பெருமை பேச முடியாது. தொட்டேன். அப்புறம் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னேன். அவள் இரண்டு சட்டையும் ஒரு துண்டும் எடுத்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் பையோடு அவளும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்படியே விடுதிக்குப் போவதாக ஏற்பாடு. சிஸ்டர் மாத்திரையை வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்தேன், அவள் எதிர்ப் பெஞ்சில். வழக்கம்போல மூன்று நிமிஷத்தில் கிளார்க் வருகை நோட்டை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். என் முறை வந்தது.

“இருக்கேங்க!” என்றேன்.

அவள் எழுந்து வந்து என் தாடையைப் பிடித்தாள்.

“வாயத் தெறங்க. சிஸ்டர், இங்க வாங்க. முழுங்கிட்டாரு.”

“கரைஞ்சிருக்கும்மா.”

“தொண்டைல எறங்கினத நான் பார்த்தேன். கடிகாரத்தப் பாருங்க, நாலு நிமிஷம்கூட ஆகல.”

சிஸ்டர் என்னைக் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். எட்டு நாளும் அப்படித்தான். கிடங்கில் மேஸ்திரி கூப்பிட்ட முதல் குரலுக்குப் பதில் வராவிட்டால் அந்த வண்டி அடுத்த ஜோடிக்குப் போய்விடும். பதினெட்டு வருஷமாக நான் யாரையும் இரண்டாம் தடவை கூப்பிட வைத்ததில்லை. மாத்திரை எந்த வழியில் போனால் என்ன, உள்ளே போனால் சரி என்று முழுங்கிவிட்டுப் பதில் சொன்னேன்.

“கையத் தூக்கிக் காட்டியிருக்கலாமே!” என்றார் கிளார்க்.

கையைத் தூக்கினால் எங்கள் இடத்தில் ‘எனக்கு இந்த வண்டி வேண்டாம்’ என்று அர்த்தம். அதையும் சொன்னேன். சிஸ்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வயிற்றுக்குள் போனால் இந்த மருந்து பாதிக்குமேல் வீணாகிவிடும் என்று சிரிப்புக்கு நடுவிலேயே சொன்னார்.

“எட்டு நாளா மருந்து சாப்பிடல, ஆஜர் மட்டும் குடுத்திருக்காரு” என்றாள் என் மனைவி. “இவருக்கு வாயில பூட்டு போட்டா போதும். கதவுக்கு வேணாம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முடிதிருத்துகிறவர் அன்றைக்குத் தன் மாத்திரையை முடித்திருந்தார். இனிமேல் நான் முன்னால் வந்து முடித்துவிட்டு இவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன் என்றார். அப்படியே நடந்தது. என்னைக் கூப்பிடும்போது அவர் “ரெண்டு பேரும் இருக்கோம்” என்பார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பேன். முதல் நாள் அந்தப் பத்து நிமிஷம் நூறு மூட்டையைவிடக் கனமாக இருந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி தூங்கினேன். காலையில் வாசல் பெருக்குகிற சத்தம் கேட்டு எழுந்தபோதுதான் தூங்கியதே தெரிந்தது. அப்புறம் பசி வந்தது. மூன்று வருஷமாக எங்கே போயிருந்ததோ, வட்டியோடு திரும்பி வந்தது. மூன்றாம் தடவை தட்டை நீட்டியபோது, மாத்திரையே மலிவு போலிருக்கிறதே என்றாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே பானையைச் சுரண்டிப் போட்டாள். பையில் இருந்த சட்டைகளை எடுத்து மறுபடி இஸ்திரி போட்டு மாட்டினாள்.

மாசம் முடிந்த அன்று மேஸ்திரி கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்று நான் பலகையில் ஏறி இறங்குவதைப் பார்த்தார். பதினைந்து மூட்டைவரை பார்த்திருப்பார். “நேராத்தான் நடக்கற” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கிடங்கில் அதற்குமேல் யாரும் பாராட்டியதில்லை.

டாக்டரம்மா ஒரு வருஷமாவது ஆகும் என்கிறார். அதிகமும் ஆகலாம், நடுவில் நானாக நிறுத்தக்கூடாது. இடுப்புக்குப் பட்டை கொடுத்து, தரையில் படுத்துச் செய்கிற பயிற்சி நாலும் சொல்லிக்கொடுத்தார்கள். வலி போகவில்லை. ஆனால் இப்போது அது வெறும் இடுப்பு வலி. அதோடு குடித்தனம் நடத்தலாம்.

போன வாரத்திலிருந்து மாத்திரையை ஒரு வாரத்துக்குச் சேர்த்து வீட்டுக்கே கொடுக்கிறார்கள். அவள் எதிரே உட்கார்ந்து கடிகாரம் பார்க்கிறாள். இந்த வீட்டில் பத்து நிமிஷம் எதிர்ப்பேச்சு இல்லாமல் அவள் பேச முடிவது அப்போதுதான். எல்லாக் குறையையும் அதற்குள் சொல்லி முடிக்கிறாள். எட்டு மணிக்கு நான் கிடங்கில் இருக்கிறேன்.

அப்படி எட்டு மணிக்குப் போன முதல் நாள் ஒட்டகத்திடம் பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

“காசு எதுக்குடா? நான் எறக்கினது வண்டி. நீயும் வண்டியாவே குடு.”

அன்றிலிருந்து அவன் எட்டு மணிக்கு மூட்டைமேல் கால் நீட்டி உட்கார்ந்து பீடி பிடிக்கிறான், நான் ஒண்டியாக இறக்குகிறேன். அவன் எனக்காக இறக்கியது ஐம்பத்தெட்டு வண்டி. ஆறு கொடுத்துவிட்டேன். ஐம்பத்திரண்டு பாக்கி.